வெளியே வந்து சொல்கிறவர்

டாக்டரின் அறைக் கதவு திறந்தால் உள்ளே இருந்தவர் வெளியே வருவார், வெளியே இருந்தவர் உள்ளே போவார். கதவுக்கு வேறு வேலை உண்டென்று எனக்குத் தெரியாது. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த அந்தக் கிளினிக்கில்தான் டாக்டரே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நிற்பதை முதன்முதலாகப் பார்த்தேன்.

ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். குள்ளமான பெண்மணி. நரைத்த முடியைக் காதோடு வெட்டியிருந்தார். கண்ணாடி கண்ணில் இல்லாமல் தலைமேல் ஏறியிருந்தது. வெள்ளைக் கோட்டு கிடையாது. பருத்திச் சட்டை, கால்சட்டை, ஓட்டக்காரர்கள் போடுகிற காலணி. தலைமையாசிரியர் முன்னால் நிற்கும் மாணவிபோல் கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நான் லேட்டு. முக்கால் மணி நேரம் லேட்டா இருக்கேன். நீங்கல்லாம் சரியான நேரத்துக்கு வந்திருக்கீங்க. தப்பு என்னோடது, மன்னிச்சுக்குங்க. யாருக்காவது எங்கயாவது போகணும்னா இப்பவே சொல்லுங்க."

அதையே ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னார். மூலையில் இருந்த மலாய்க்கார அம்மாளிடம் அவர் மொழியிலும் சொன்னார். அவசரமாகச் சொல்லிவிட்டு உள்ளே ஓடவில்லை. பதில் வரும்வரை நின்றார்.

நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். ஏதோ திருடும்போது பிடிபட்டவர்கள்போல் இருந்தது. ஒருவர் "பரவாயில்ல டாக்டர்" என்று முணுமுணுத்தார். உடனே எல்லோரும் அதையே சொன்னோம். ஆறு மாதக் குழந்தையை மடியில் வைத்திருந்த நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். 

நான் வளர்ந்தது தஞ்சாவூரில். அங்கே நல்ல டாக்டருக்கு அடையாளமே வாசலில் நிற்கிற கூட்டம்தான். விடிகாலையில் போய் டோக்கன் வாங்கி, மதியம்வரை உட்கார்ந்து, மூன்று நிமிடம் பார்த்துவிட்டு வந்த கதையை அப்பா பெருமையாகச் சொல்வார். டாக்டர் உள்ளே நுழையும்போது காத்திருந்தவர்கள் எழுந்து நிற்போம். அப்படிப்பட்ட ஒருவர் என் எதிரே நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டால் நான் எங்கே பார்ப்பது?

அன்று இரவு கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு வங்கியில் கணினிப் பிரிவில் வேலை செய்கிறார்; எதையும் கொஞ்சம் கேலியாகத்தான் எடுத்துக்கொள்வார். "டாக்டரே ஸாரி சொன்னாங்களா? அப்ப ஏதோ பெரிய தப்புப் பண்ணியிருக்காங்க. வேற ஆளப் பாரு" என்றார்.

நான் வேறு ஆளைப் பார்க்கவில்லை. நாங்கள் இருக்கும் ஈசூனில், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே ஒரு கிளினிக் இருந்தும், தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு ரயில் ஏறி, இன்னொரு ரயில் மாறி அவரிடமே போனேன். தமிழில் பேசலாம் என்பது ஒரு காரணம். அம்மா மூன்று மாதம் எங்களோடு இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். பகலெல்லாம் நானும் குழந்தையும்தான். தமிழில் ஒருவரிடம் சந்தேகம் கேட்க வேண்டும் போலிருந்தது.

அந்தக் கிளினிக்கில் முகப்பு மேசையைக் கவனித்துக்கொண்ட அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் வந்து கேட்டாலும் "இன்னும் அஞ்சு நிமிஷம்லா" என்பார். எல்லாக் கிளினிக்கிலும் எல்லா அக்காக்களும் சொல்வதுதான். ஒருநாள் டாக்டர் கதவருகே நின்று அதைக் கேட்டுவிட்டார்.

"அக்கா, எந்த அஞ்சு நிமிஷம்? எங்கிட்ட அப்படி ஒன்னு இல்லியே. உங்ககிட்ட இருந்தா எனக்கும் கொஞ்சம் குடுங்க."

அக்கா சிரித்துவிட்டார். ஆனால் அதன்பிறகு அவர் உண்மையான கணக்கைச் சொல்லிப் பழகினார். ஒரு மணி நேரம் ஆகும், பக்கத்தில் தேக்கா சந்தையில் காய் வாங்கிவிட்டு வாங்க, முறை வந்தால் கைப்பேசியில் அழைக்கிறேன் என்று சொல்லி அனுப்புவார். அந்தச் சந்தில் கையில் கீரைக்கட்டோடு டாக்டர் அறைக்குள் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வாரம் ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்க வருவார். டாக்டர் வெளியே வந்து கேட்டபோது, எனக்கென்ன அவசரம், ரிட்டயர் ஆகிவிட்டேன், எல்லோரும் போகட்டும் என்றார்.

"ரிட்டயர் ஆயிட்டா உங்க டைம் என்ன ஓசியா அங்கிள்? நீங்க ஒன்பதரைக்கு வந்தீங்க. ஒன்பதரை உங்களோடது. நான்தான் அதை எடுத்துக்கிட்டேன்."

பெரியவர் வேட்டியை மடித்து மடித்து நீவினார். அவர் முகத்தில் சந்தோஷமா சங்கடமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

இன்னொரு நாள், கப்பல் பட்டறையில் வேலை செய்யும் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்து விட்ட லாரி திரும்பிப் போய்விடும், மேற்பார்வையாளர் கத்துவார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் வெளியே வந்து கேட்டபோது அவரும் பரவாயில்லை என்றுதான் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் போட்டுக்கொடுத்துவிட்டார். டாக்டர் அங்கேயே நின்று அந்த மேற்பார்வையாளரின் எண்ணைக் கேட்டு வாங்கி அழைத்தார். உங்கள் ஆள் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார், தாமதம் என்னுடையது, அவரை ஒன்றும் சொல்லாதீர்கள், சொல்ல வேண்டுமானால் என்னைச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மறுமுனையில் அவர் எதையோ சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் பொறுமையாகக் கேட்டு, ஆமாம், ஆமாம், சரிதான் என்று தலையாட்டினார். போனை வைத்த பிறகு அந்தத் தொழிலாளியைப் பார்த்து, "நல்லா திட்டுறாரு. உங்களத் திட்ட வேண்டியது எனக்குக் கெடச்சிடுச்சு" என்றார்.

எல்லோருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. அலுவலக உடையில் வரும் ஒருவர் ஒருநாள் நேராகவே கேட்டார்: "ஒவ்வொரு தடவையும் வந்து ஸாரி சொல்றீங்க டாக்டர். லேட் ஆகாம பாத்துக்கிட்டா ஸாரியே வேணாமே."

"கரெக்ட்" என்றார் டாக்டர். "இருபது வருஷத்துக்கு மேல முயற்சி பண்றேன். வரல. நீங்க இனிமே காலையில முதல் ஆளா வாங்க. முதல் ஆளுக்கு மட்டும் நான் லேட் ஆனதில்ல."

கேட்டவர் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த முறை முதல் ஆளாக வந்தார் என்று அக்கா சொன்னார்.

ஏன் தாமதமாகிறது என்பது உள்ளே போனால்தான் தெரியும். நோயைச் சொல்லி முடித்து, மருந்தும் எழுதி முடித்தபிறகு டாக்டர் கையைக் கணினியிலிருந்து எடுத்துவிடுவார். நாற்காலியை நம் பக்கம் திருப்புவார். "ம். வேற?" என்பார். அதன்பிறகு ஒன்றும் பேசமாட்டார். எழுந்து போகச் சொல்லும் எந்தச் சாடையும் முகத்தில் இருக்காது. அந்த அமைதியில் யாருக்கானாலும் இன்னொன்று ஞாபகம் வந்துவிடும். இருமலுக்கு வந்தவர் மகனோடு பேசாமல் இருப்பதைச் சொல்வார். முழங்கால் வலிக்கு வந்தவர் தூக்கம் வரவில்லை என்பார். உள்ளே இருப்பவருக்கு டாக்டர் அள்ளிக் கொடுத்த நேரம் வெளியே இருந்தவர்களிடமிருந்து எடுத்தது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் இரண்டையும் செய்தார், கொடுப்பதையும் மன்னிப்புக் கேட்பதையும்.

நான் அந்த அமைதியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன். குழந்தையின் கழிவு ஏன் பச்சையாக இருக்கிறது, தூங்கும்போது மூச்சு ஏன் ஒருமாதிரி சத்தம் போடுகிறது, தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதா, ஒரு கண் மற்றதைவிடச் சிறியதா, நான் குடிக்கும் காபி தாய்ப்பாலில் போகுமா. ஒன்றுக்குப் பதில் கிடைத்தால் இன்னொன்று முளைக்கும். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் குழந்தையைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். படித்த பெண், இதுகூடத் தெரியாதா என்ற பார்வையை நான் அவரிடம் ஒருநாளும் கண்டதில்லை. மாதத்தில் இரண்டு முறையாவது போய்விடுவேன்.

குழந்தைக்குப் பால் கொடுக்க எனக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார். கையுறைப் பெட்டிகளும் பஞ்சும் அடுக்கி வைத்த சின்ன அறை. உள்ளே ஒரு நாற்காலியும் மின்விசிறியும் இருந்தன. ஒருநாள் டாக்டரைப் பார்த்து முடித்துவிட்டு, ரயில் ஏறுவதற்கு முன்னால் பால் கொடுத்துவிடலாம் என்று அங்கே போய் உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தாது. வெளியே இரண்டு பெண்கள் பேசுவது கேட்டது. நான் டாக்டர் அறையிலிருந்து வந்ததை அவர்கள் பார்க்கவில்லை போலும். இருவரோடும் எனக்கு முகப்பழக்கம் உண்டு. அவர்களில் ஒருவர் புக்கிட் மேராவிலிருந்து வருகிறவர். என் குழந்தையைப் பார்த்தால் கன்னத்தைத் தொட்டு அந்த விரல்களை முத்தமிட்டுக்கொள்வார்.

"இன்னும் யாரு உள்ள?"

"வேற யாரு, அந்தக் கைப்பிள்ளைக்காரிதான் இருப்பா. இவ்ளோ நேரம் ஆகுதுன்னா அவதான்."

"அவ உள்ள போனா நாம தேக்காவுக்குப் போயி மீன் வாங்கி, வீட்டுக்குப் போயி கொழம்பு வெச்சு எறக்கிட்டு வந்துரலாம்."

"மொதப் பிள்ளை. அப்படித்தான் இருக்கும்."

"எனக்கும்தான் மொதப் பிள்ளை இருந்துச்சு. டாக்டர உக்கார வெச்சுக் கதையா சொன்னேன்?"

இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அலுப்பில் வருகிற சிரிப்பு. அக்கா அவர்களிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்ல, சிரிப்பு பட்டென்று நின்றது.

அப்போது டாக்டரின் கதவு திறந்தது. வழக்கமான அந்தக் குரல் வந்தது. நான் லேட்டு. தப்பு என்னோடது. மன்னிச்சுக்குங்க.

குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. நான் அசையாமல் இருந்தேன். அன்று காலை டாக்டரைத் தாமதப்படுத்தியது நான். அரை மணி நேரமாவது உள்ளே இருந்திருப்பேன். அன்று மட்டுமா? ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நான் வெளியே வருவேன். தள்ளுவண்டியின் பட்டையைக் குனிந்து மாட்டிக்கொண்டிருப்பேன். என் பின்னாலேயே டாக்டர் வந்து நின்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பார். எத்தனையோ முறை அது நடந்திருக்கிறது. நானும் ஓரத்தில் நின்று, எவ்வளவு நல்ல டாக்டர் என்று நினைத்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அவர் யாருக்காகக் கேட்கிறார் என்று தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அவர்கள் இருவரும் உள்ளே போய் முடித்து வெளியேறும்வரை அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்தேன். குழந்தை தூங்கிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு நான் திருந்தினேன். அப்படித்தான் அப்போது நினைத்தேன். போகும் வழியில் ரயிலிலேயே கேள்விகளைத் தரம் பிரித்து, ஒன்றைத் தவிர மற்றதை விட்டுவிடுவேன். உள்ளே போனதும் குழந்தையைப் படுக்க வைத்து, அந்த ஒன்றைக் கேட்டு, பதிலுக்கு நன்றி சொல்லி எழுந்துவிடுவேன். டாக்டர் நாற்காலியைத் திருப்பி "வேற?" என்னும்போது, "ஒன்னுமில்ல டாக்டர்" என்று சொல்ல என் நாக்கு தயாராக இருக்கும். இரண்டு, மூன்று முறை அப்படி நடந்தது. "இன்னிக்குச் சீக்கிரம் முடிஞ்சிடுச்சே" என்று அக்கா சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தேர்வில் நேரத்துக்கு முன்பே எழுதி முடித்த பெருமை.

ஆனால் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பின்னால் ஒன்று இருந்தது. அதைக் கேட்க முடியாமல்தான் நான் பச்சைக் கழிவையும் தட்டைத் தலையையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு பதினொன்றாவது மாடியில். வாசலிலிருந்து மின்தூக்கிவரை நீளமான காரிடார். ஒரு பக்கம் வீடுகள், மறு பக்கம் மார்பளவு கைப்பிடிச்சுவர், அதற்கப்பால் வெறும் காற்று. குழந்தைக்கு நான்கு மாதம் இருக்கும்போது ஒரு மதியம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியாக நடந்தேன். சுவருக்கு அப்பால் அவளை என் கை விட்டுவிட்டால் என்று ஒரு படம் வந்தது. நினைப்புகூட இல்லை. ஒரு படம். அது போகவில்லை. அடுத்த நாளும் வந்தது. நான் வீடுகள் இருக்கும் பக்கமாக ஒட்டிக்கொண்டு, அண்டை வீட்டார் வாசலில் வைத்திருக்கும் செருப்பு அலமாரிகளில் இடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். பிறகு அவளைத் தள்ளுவண்டியில் பட்டை போட்டுப் பூட்டாமல் வாசலைத் தாண்டுவதில்லை. பிறகு குளிப்பாட்டும் தொட்டியில் தண்ணீரைப் பார்த்தாலும் அதேபோல் வேறொரு படம். கணவர் வீட்டில் இருக்கும்போது மட்டும், அவர் கையில் கொடுத்துக் குளிப்பாட்டினேன். துணிகளை ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கம்பத்தில் காயப்போடுவதை நிறுத்தினேன். ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்தது. ஏன் வீடெல்லாம் ஈரத்துணி என்று கணவர் கேட்டால், மழை வரும்போல் இருந்தது என்றேன். இரவில் அவள் தூங்குவாள், நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பேன்.

இதை யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் பயந்துவிடுவார். கணவரிடம் சொன்னால் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு எப்படி வேலைக்குப் போவார்? டாக்டரின் அந்த அமைதியில் என்றாவது சொல்லிவிடுவேன் என்று இருந்தேன். இப்போது அந்த அமைதியையும் நானே அடைத்துவிட்டேன். வெளியே மீன் வாங்க வேண்டியவர்கள் காத்திருந்தார்கள்.

மூன்றாவது முறை நான் எழுந்தபோது டாக்டர் கேட்டார், "நீங்க தூங்கறீங்களா?"

"தூங்கறேன் டாக்டர்."

அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் குழந்தையின் தொப்பியைச் சரி செய்தேன்.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தார். தடுப்பூசிக்கு நான் பத்து மணிக்கு வாங்கியிருந்த நேரத்தை டாக்டர் மாற்றச் சொல்லிவிட்டார், இனிமேல் எப்போது வந்தாலும் காலை வேளையின் கடைசி ஆள் நான்தான் என்றார். ஏன் என்று கேட்டேன். டாக்டர் சொன்னாங்கம்மா, எனக்குத் தெரியாது என்றார்.

எனக்குத் தெரிந்தது. தள்ளி வைத்துவிட்டார். அந்த இரண்டு பெண்களும் முறையிட்டிருப்பார்கள். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில் இந்தத் தொந்தரவைப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருப்பார். அதுவும் நான் திருந்தியபிறகு. கணவர், "நம்ம புளோக்குக்குக் கீழேயே போய்க்கோ, எதுக்கு இவ்ளோ தூரம்" என்றார். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஒப்புக்கொண்ட நேரத்தைத் தவறவிடுவது எனக்கு வராது. தடுப்பூசி தள்ளிப்போவது அதைவிடப் பயமாக இருந்தது. போனேன்.

எனக்கு முன்னால் நான்கைந்து பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் வெளியே வந்தார்கள். கடைசி ஆளுக்குத்தான் தாமதம் முழுதாக வந்து சேரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்கா சாப்பிடக் கிளம்பினார். கிளம்பும்போது கண்ணாடிக் கதவின் பலகையை மூடப்பட்டது என்று திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வெளியே வந்தார். நான் ஒருத்தி மட்டும். ஆனாலும் அதே இடத்தில் வந்து கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். "ஒரு மணி நேரத்துக்கு மேல உங்கள உக்கார வெச்சுட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சுக்குங்க" என்றார். காலியான நாற்காலிகளை நான் சுற்றிப் பார்த்தேன். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

என்னை உள்ளே கூப்பிடவில்லை. தள்ளுவண்டிக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஏன் கடைசி நேரம் போடச் சொன்னேன்னு தெரியுமா?"

"நான் ரொம்ப நேரம் எடுத்துக்கறேன். மத்தவங்களுக்குச் சிரமம்."

"எடுத்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. திடீர்னு நிறுத்திட்டீங்க. அதுதான் எனக்குப் பிடிக்கல." குழந்தையின் போர்வையை இழுத்து விட்டார். "வெளிய ஆள் இருந்தா நீங்க பேச மாட்டேங்கறீங்க. இப்ப உங்களுக்கு அப்புறம் யாரும் இல்ல."

"நீங்க சாப்பிடணும் டாக்டர்."

"என் சாப்பாட்ட நான் பாத்துக்கறேன்."

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. சந்தில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.  என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் எனக்கே அபத்தமாக இருந்தது.

"டாக்டர், எங்க காரிடார்ல என்னால நடக்க முடியல."

அதன்பிறகு எல்லாம் வந்தது. சுவர், தண்ணீர், ஜன்னல், ஈரத்துணி. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தள்ளுவண்டியின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை, முதுகைத் தடவவில்லை. நான் நிறுத்தியதும் மெதுவாகக் கேட்டார்.

"கை விடணும்னு தோணுதா, விட்டுருவோமோன்னு பயமா இருக்கா?"

"பயம்."

"எப்பவும் பயம் மட்டுந்தானா? யோசிச்சுச் சொல்லுங்க."

"பயம் மட்டுந்தான் டாக்டர்."

"சரி. இது நெறைய அம்மாக்களுக்கு வருது. வெளிய சொல்றவங்கதான் கம்மி. ஆனா நீங்க தூங்கவே இல்ல, இதை இப்படியே விடக் கூடாது. இன்னிக்கே இதுக்குன்னு இருக்கற டாக்டர்கிட்ட நீங்க பேசணும்."

அங்கேயே உட்கார்ந்து மருத்துவமனையை அழைத்தார். காத்திருக்கச் சொல்லி இசை போட்டார்கள். போனை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி இருந்தார். நடுவில் யாரோ வந்து பிறகு அழைப்பதாகச் சொன்னார்கள். வேண்டாம், நோயாளி என் பக்கத்தில் இருக்கிறார், நான் போனை வைக்கப் போவதில்லை என்றார் டாக்டர். மறுபடி இசை. அன்று மாலையே வரச் சொன்னார்கள். கணவருக்கு நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. டாக்டர் என் கணவரை அழைத்து, உங்கள் மனைவிக்கும் குழந்தைக்கும் நீங்கள் இப்போது இங்கே வேண்டும், டாக்சியில் வாருங்கள் என்று மட்டும் சொன்னார். மீதியை, கணவர் வந்தபிறகு, பக்கத்தில் இருந்துகொண்டு என்னையே சொல்லவைத்தார்.

அதற்குள் அக்கா சாப்பிட்டுத் திரும்பியிருந்தார். பிற்பகலுக்கு வந்தவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மூடப்பட்டது என்ற பலகையையும் உள்ளே உட்கார்ந்திருக்கும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நான் பதறி எழுந்தேன். டாக்டர் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காருங்க. அவங்க நிக்கட்டும்."

கணவர் வரும்வரை அவர் அந்த இடத்தை விட்டு எழவில்லை. வெளியே போய் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நான் குணமானேன். அதற்குச் சில மாதங்கள் ஆயிற்று, மாத்திரையும் பேச்சும் வேண்டியிருந்தன. அம்மா மறுபடி வந்து இருந்துவிட்டுப் போனார். இப்போது மகள் அதே காரிடாரில் சின்ன ஸ்கூட்டர் ஓட்டுகிறாள்; சுவரோரமாகப் போகாதே என்று மற்ற அம்மாக்களைப்போல் நானும் கத்துகிறேன். துணிகள் வெளியே காய்கின்றன.

அந்த டாக்டரிடம் மட்டும் நான் திரும்பப் போகவில்லை. முதலில் மருத்துவமனைக்கே போக வேண்டியிருந்தது என்று காரணம் இருந்தது. பிறகு, மகளின் காய்ச்சலுக்கும் சளிக்கும் புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக் போதும் என்று காரணம் இருந்தது. அவருடைய நேரத்தை ஏற்கெனவே எவ்வளவோ எடுத்தாயிற்று, இனிமேலும் எதற்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது மரியாதைபோல் கேட்டது. உண்மையில் அவர் முகத்தை நினைத்தாலே, என் தலைக்குள் ஓடிய அந்தப் படத்தை அவரும் பார்த்திருக்கிறார் என்பதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. கணவருக்கும் தெரியும், மருத்துவமனையில் சிலருக்கும் தெரியும். ஆனால் நான் முதலில் சொன்னது அவரிடம். நலமாக இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை போய்ச் சொல்லியிருக்கலாம். தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஒவ்வொரு வருடமும் நினைப்பேன். தள்ளிப்போன அளவுக்கு வெட்கமும் கூடியது. இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போவது?

போன மாதம் தேக்கா ஈரச்சந்தையில் அவரைப் பார்த்தேன். மீன் கடையில் வரிசை. கையில் கூடையோடு, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, தன் முறைக்காக நின்றிருந்தார். முடி இன்னும் வெளுத்திருந்தது. நான் நின்றுவிட்டேன். என் கையைப் பிடித்திருந்த மகளும் நின்றாள்.

"யாரும்மா அது?"

"தெரிஞ்ச டாக்டர்."

"பேசலையா?"

"அவங்களுக்கு நேரம் இருக்காது."

மகள் தலையைச் சாய்த்து அவரையே பார்த்தாள்.

"அவங்க சும்மாதானேம்மா நிக்கிறாங்க."

நான் அவள் கையை இழுத்துக்கொண்டு காய்கறிக் கடைகள் இருந்த பக்கம் திரும்பினேன். இரண்டு கிலோ வெங்காயம் வாங்கினேன். வீட்டில் வெங்காயம் இருந்தது.